கயிறில்லாதவர் காத்திருக்கட்டும்

கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1ஆம் தேதி ஒரு பாறை திறக்கப்படுகிறது. பாறையைப் போய் யார் மூடினார்கள் என்று கேட்பீர்கள். வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதால், பிப்ரவரி முதல் ஜூலை முடியும்வரை நகர நிர்வாகம் அதில் யாரையும் ஏற விடுவதில்லை. ஆறு மாத ஏக்கம் ஒன்றாகச் சேர்ந்து ஆகஸ்டின் முதல் சனிக்கிழமை காலையில் அந்தப் பாறையில் வந்து இறங்கும். மூன்றாம் ஃபிளாட்அயர்ன் என்பது அதன் பெயர். ஊருக்கு மேற்கே வரிசையாகச் சாய்ந்து நிற்கும் செம்மணற்கல் பலகைகளில் அதுதான் எல்லோருக்கும் செல்லம்.

அதன் கிழக்கு முகம் ஆயிரம் அடிக்கும் மேல் நீளம். செங்குத்து கிடையாது, ஏறக்குறைய ஐம்பது டிகிரிச் சாய்வு. பிடிக்கவும் மிதிக்கவும் இடம் தாராளமாக உண்டு. நடுவில் கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள் எப்போதோ ராட்சத அளவில் பூசிவைத்த ‘சி', ‘யூ' எழுத்துகள். நகரம் அவற்றின்மேல் பாறை நிறத்தைப் பூசி மறைத்தும் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. அமெரிக்கக் கணக்கில் இந்த வழியின் கடினம் 5.4. அந்த அளவுகோல் 5.0இல் தொடங்கி 5.15வரை போகிறது என்பதால், இது தொடக்கநிலைதான். 1906இல் மில்லர்ட் சகோதரர்கள் ஏறியதிலிருந்து இந்தப் பாறையில் மனிதர்கள் செய்யாத சேட்டை இல்லை. ரோலர் ஸ்கேட் மாட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். கையை உபயோகிக்காமல் ஏறியிருக்கிறார்கள். உடம்பில் துணியில்லாமலும் ஏறியிருக்கிறார்கள்.

கயிறில்லாமல் ஏறுவதை அங்கே யாரும் சேட்டையாகவே நினைப்பதில்லை. ஓட்டக் காலணி, அரைக்கால் சட்டை, கையில் ஒரு கடிகாரம். அடிவாரத்து ஷட்டாக்வா பூங்காவிலிருந்து ஓடிவந்து, பாறையை ஏறி, பின்பக்கமாக இறங்கி, அலுவலகம் தொடங்குமுன் வீடு திரும்பிவிடுவார்கள். உள்ளூரில் இதற்கென்று ஒரு குழுவே உண்டு. சாத்தானின் அடிப்பொடிகள் என்று தங்களுக்கு அவர்களே பெயர் சூட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் பார்த்தவரை தங்கமான மனிதர்கள்.

நான் அம்பாசமுத்திரத்துக்காரி. போல்டருக்குப் பக்கத்து ஊரில் மென்பொருள் வேலை. நாற்பதைத் தாண்டியபிறகு, உள்ளரங்கச் சுவரில் பாறை ஏறப் பழகி, அங்கிருந்து வெளியே வந்தவள். சோலோக்காரர்கள்மேல், அதாவது கயிறில்லாதவர்கள்மேல், எனக்குப் பொறாமையோ கோபமோ இல்லை. கயிறில்லாமல் ஏறுவது முட்டாள்தனம் என்று எழுதப் பலர் இருக்கிறார்கள். அந்தக் கட்சியில் நான் சேரவில்லை. எனக்குள்ள வழக்கு சின்னது. கயிறு கட்டிய இருவர் ஏறிக்கொண்டிருக்கும் பாறையில் கயிறில்லாத ஒருவர் அவர்களை முந்திப் போகிறார். அந்தச் சில நிமிடங்களுக்கு யார் யாருக்குக் கட்டுப்பட வேண்டும்? கயிறில்லாதவர்தான் கட்டுப்பட வேண்டும், முழுதாக, முனகாமல். இது சொல்லவே தேவையில்லாத விஷயம் என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமைகள் அந்த நினைப்பைக் கலைத்துவிட்டன.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அந்த வழியில் தங்கி நிற்கும் இடங்களில் வளையம் வைத்த பெரிய இரும்பு ஆணிகள் அறைந்திருக்கிறார்கள். அதில் ஒன்றில் என்னைக் கட்டிக்கொண்டு என் தோழிக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தேன். பிலே என்பார்கள் இதை: மேலே போகிறவர் விழுந்தால் கயிற்றை நிறுத்தவேண்டியது கீழே நிற்பவர் கை. தோழி ஈரோட்டுக்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள், முதல்முறையாக முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மூன்றாம் ஃபிளாட்அயர்னில் பாதுகாப்புக் கருவி செருக வெடிப்புகள் குறைவு. கடைசியாகச் செருகிய கருவிக்கு எட்டு மீட்டர் மேலே, அடுத்த பிடியைத் தேடிக்கொண்டு நின்றாள். அப்போது என் தோள் அருகே ஒரு மூச்சுச் சத்தம். சட்டையில்லாத இளைஞன், காதில் இயர்போன். “ஹாய்” என்றான். எங்கள் கயிற்றைத் தாண்டி மிதித்தான். பாறை இருநூறு பேர் ஏறுமளவு அகலம். ஆனால் அவன் என் தோழியின் காலடித் தடத்திலேயே, அவளுக்கு நேர்கீழே ஏறத் தொடங்கினான்.

பின்னால் யாரோ வருவது தெரிந்து அவள் திரும்பிப் பார்த்தாள். “அக்கா, யாரு?” என்றாள். குரல் மாறியிருந்தது. அவளுடைய இடதுகால் தையல் மெஷின் ஊசிபோல ஆடத் தொடங்கியதைக் கீழேயிருந்து பார்த்தேன். அவன் சிரித்தபடி, போகட்டுமா, எனக்கு இதெல்லாம் பழக்கம், பயப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே அவளுடைய வலது கைக்கு ஓரடி தள்ளிக் கடந்து, நேர்மேலே போனான். அடுத்த கால்மணி நேரம் அவன் எங்கள் தலைக்கு மேலேயே இருந்தான்.

ஒன்றும் ஆகவில்லை. இந்த விவாதத்தில் பெரிய தொல்லையே அதுதான். ஒன்றும் ஆகாத ஒவ்வொரு சனிக்கிழமையும், இப்படிப் போகலாம் என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது.

அவன் பயப்படாதீர்கள் என்றானே, அவனுக்குப் பயமில்லை என்பதால் எங்களுக்கு என்ன? அவன் விழுவானா மாட்டானா என்பது அவனுக்குத் தெரிந்த கணக்கு. அவன் முதல்நாள் இரவு தூங்கினானா, காலணியின் அடிப்பாகம் தேய்ந்திருக்கிறதா, மேலே எந்தப் பிடி பெயரும் என்று அவனுக்குத் தெரியுமா, இதில் எதுவுமே எங்களுக்குத் தெரியாது. அந்தச் சாய்வில் ஒருவர் பத்து மீட்டர் சறுக்கினால் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். அறுபது, எழுபது கிலோ எடை அந்த வேகத்தில் என் தோழிமேல் மோதினால், அவள் கடைசிக் கருவிக்கு எட்டு மீட்டர் கீழே போய்த்தான் நிற்பாள். ஆக, பதினாறு மீட்டர் விழுவாள், கயிறு நீளும் தூரம் தனி. என்மேல் மோதினால், கயிற்றைப் பிடித்திருக்கும் கை விட்டுவிடலாம். பிறகு அவளை நிறுத்த யாருமில்லை. நான் ஆணியில் கட்டப்பட்டிருக்கிறேன். ஒதுங்கி நிற்கக்கூட வழியில்லை. கட்டுத்தறியில் நிற்பவரைப் பார்த்துத்தான் ‘என் உயிர், என் விருப்பம்' என்று சொல்கிறார்கள்.

அந்த வாக்கியம் ஆளில்லாத பாறையில் முழு உண்மை. போல்டரில் வாழ்ந்த டெரிக் ஹெர்ஸி பல்லாண்டுகள் கயிறில்லாமல் ஏறியவர். 1993இல் யோசெமிட்டியில் விழுந்து இறந்தார். அவரைவிடப் புகழ்பெற்ற ஜான் பக்கார் 2009இல் கலிஃபோர்னியாவில், தம் வீட்டுக்கு அருகே, பழகிய பாறை ஒன்றில் விழுந்தார். இருவரும் தங்களோடு வேறு யாரையும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அவர்கள் முடிவை நான் விமர்சிக்கப் போவதில்லை, அது அவர்களுடையது. ஆனால் இருவரும் நம்மில் யாரையும்விட நன்றாக ஏறியவர்கள் என்பது நினைவில் இருக்கட்டும். பழக்கம் என்று சொன்ன அந்த இளைஞனைவிடவும்.

2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட் எல் கேப்பிட்டன் பாறையைக் கயிறில்லாமல் 3 மணி 56 நிமிடத்தில் ஏறினார். அதைப் பற்றிய ‘ஃப்ரீ சோலோ' படம் ஆஸ்கர் வாங்கியபிறகு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது தெரிந்த சொல்லாகிவிட்டது. படத்தில் எல்லோர் கண்ணும் அவர் விரல்களில் இருந்தது. என் கண்ணுக்குப் பட்டது வேறு. அந்த ஒரு காலைக்காக அவர் எத்தனை காலம் கயிற்றோடு அதே வழியை ஏறிப் பழகினார்! முதல்முறை தொடங்கிய அன்று, மனம் சரியில்லை என்று பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். திரும்பத் தெரிந்தவர் அவர். மூன்றாம் ஃபிளாட்அயர்னில் முந்துகிறவர்களில் பலருக்கு அரை நிமிடம் நிற்கவே தெரியவில்லை.

கொலராடோவுக்கு இதில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது, பனிச்சறுக்குச் சரிவில். 1979இல் இம்மாநிலம் பனிச்சறுக்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. மேலிருந்து சறுக்கி வருகிறவருக்குத்தான் கீழே இருப்பவர்மேல் மோதாமல் பார்த்துக்கொள்ளும் முதன்மைக் கடமை என்று அது எழுதிவைத்தது. கீழே இருப்பவருக்கு முதுகில் கண் இல்லையே! 1997 ஏப்ரலில் வெய்ல் மலையில் ஓர் இளைஞன் கட்டுப்பாடில்லாத வேகத்தில் இறங்கிவந்து ஒருவர்மேல் மோதினான், மோதப்பட்டவர் இறந்தார். பனிச்சறுக்கில் வேகமாகப் போவது ஒரு குற்றமா என்று கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. மாநில உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் அதை மாற்றி, இவன் விசாரணையைச் சந்தித்தே ஆகவேண்டும் என்றது. கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றவாளி என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. விளையாட்டுத்தானே என்ற சமாதானம் அன்றோடு எடுபடாமல் போயிற்று.

பாறைக்கும் சட்டம் போடுங்கள் என்று கேட்கவில்லை. ஆணி அறைந்த இடத்திலெல்லாம் பலகை வைத்து, டிக்கெட் கிழித்து, சீருடைக்காரரை நிறுத்தினால் நான்தான் முதலில் வேறு பாறை தேடிப் போவேன். ஆனால் அந்தச் சட்டத்துக்குள் இருக்கும் நியாயம் பாறைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். பனிச்சறுக்குச் சரிவில் கீழே இருப்பவர் சத்தம் கேட்டாவது விலகலாம். கயிற்றில் இருப்பவரால் முடியாது. அதுமட்டுமா, பனியில் முந்தியவர் கீழே போய் மறைந்துவிடுவார். பாறையில் முந்தியவர் உங்கள் தலைக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்வார். ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. அவர் கால்பட்டு உருளும் ஒரு கைப்பிடியளவு கல் போதும். செம்மணற்கல் நல்ல உறுதியான பாறைதான். ஆனால் படிபோன்ற விளிம்புகளிலும் பள்ளங்களிலும் உதிரிக் கற்கள் கிடக்கின்றன. தலைக்கவசம் போட்டிருப்பது நாங்கள். கல்லைத் தட்டிவிடுவது தலைக்கவசம் போடாதவர்.

சரி, எப்படித்தான் முந்துவது? தெரிந்தவர்கள் செய்வதைப் பார்த்தாலே போதும். வயதான ஒருவர் அங்கே அடிக்கடி வருவார், நரைத்த தாடி, கழுத்தில் சுற்றிய கைக்குட்டை. எங்களுக்கு இருபது அடி கீழேயே நின்றுவிடுவார். காலை வணக்கம் சொல்வார். உங்கள் தோழி அடுத்த ஆணிக்குப் போய்ச் சேரட்டும், எனக்கு அவசரமில்லை என்பார். அவள் போய்த் தன்னைக் கட்டிக்கொண்டு குரல் கொடுத்தபிறகு, இடப்பக்கமாகப் போகட்டுமா என்று கேட்பார். பக்கத்தைச் சொல்லிக் கேட்கிறார், கவனியுங்கள். நான் சரி என்றதும், மேலே இருக்கும் அவளிடமும் ஒருமுறை கேட்பார். பிறகு நன்றாக விலகி, ஐந்தாறு மீட்டர் பக்கவாட்டில் போய், அங்கிருந்து மேலேறுவார். எங்கள் கயிற்றைத் தொடமாட்டார், எங்கள் ஆணியைப் பிடிக்கமாட்டார். எங்களைக் கடந்தபிறகும் எங்கள் நேர்க்கோட்டுக்குத் திரும்பமாட்டார். வெகுதூரம் போய்த்தான் நடுவுக்கு வருவார். இவ்வளவுக்கும் அவருக்கு ஆகும் கூடுதல் நேரம் சில நிமிடங்கள்.

காதில் எதுவும் மாட்டாமல் வருவார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாறையில் மேலேயிருந்து ‘கல்!' என்று யாராவது கத்தினால் அது காதில் விழ வேண்டும். பாட்டு கேட்டுக்கொண்டு ஏறுகிறவரிடம் நான் நில்லுங்கள் என்று சொல்வதே வீண்.

கடிகாரக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அடிவாரத்திலிருந்து போய்த் திரும்பி எத்தனை நிமிடம் என்று கணக்கு வைப்பது உங்கள் உரிமை, நான் மெச்சியிருக்கிறேன். அதைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் செய்யாதீர்கள். செவ்வாய்க்கிழமை விடியலில் பாறை காலியாக இருக்கிறது. உங்களில் பெரும்பாலோர் அப்போதுதான் போகிறீர்கள் என்பதும் தெரியும். மீதிப் பேரின் ஓட்டப் பதிவில் என் தோழி ஒரு தடங்கலாகப் பதிவாக வேண்டியதில்லை. கோடைப் பிற்பகலில் இடிமழை வரும், அதனால் அவசரம் என்பார்கள். மழை எல்லோருக்கும்தான் வரும். கயிறு கட்டியவர் இறங்க இன்னும் அதிக நேரம் ஆகும்.

உச்சியில் வேறொரு சிக்கல். அங்கே நாலைந்து பேர் உட்காரத்தான் இடம். கயிற்றுக்காரர்கள் பின்பக்கம் கயிறு போட்டு இறங்க வரிசையில் நிற்பார்கள். சோலோக்காரர்கள் கையாலேயே பிடித்து இறங்குவார்கள். கீழே ஆள் இறங்கிக்கொண்டிருப்பது தெரியாமல் கயிற்றை வீசிவிட்டால், அதன் முடிச்சு முகத்தில் அடித்தாலே போதும், அவர் கை நழுவிவிடும். இந்த இடத்தில் தலைகீழாக, கயிற்றுக்காரர்தான் கட்டுப்பட வேண்டும்: எட்டிப் பார்க்காமல், குரல் கொடுக்காமல் கயிற்றை வீசக்கூடாது. யாருக்குக் கீழே ஆள் இருக்கிறதோ அவருக்கே பொறுப்பு. நான் ஒருதலையாகப் பேசவில்லை.

கயிற்றுக்காரர்களிலும் சட்டாம்பிள்ளைகள் உண்டு. மூன்று பேர், இரண்டு கயிறு, பாறையின் பாதி அகலத்துக்குப் பரப்பிக்கொண்டு, ஓர் ஆணியில் முக்கால் மணிநேரம் நின்று போட்டோ எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னால் ஒருவர் பத்து நிமிடமாக மரியாதையாக நிற்கிறார். இவர்களுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. பணம் கட்டி இடம் பிடித்து உட்கார்ந்திருப்பது போன்ற முகபாவம். நிற்கும் இடத்தில் நின்று வழிவிடுவதும் இதே நாகரிகத்தின் மறுபாதி. வழிவிட முடியாதபோது, எதனால் முடியாது, எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் முறைத்தால் பின்னால் நிற்பவர் பொறுமையிழந்து, கூடாத இடத்தில் தாண்டத்தான் பார்ப்பார். வழி தெரியாமல் ஓரத்தில் மாட்டிக்கொண்ட கயிற்றுக்காரர்களுக்குச் சோலோக்காரர்கள் நின்று வழிகாட்டியதும் உண்டு. அந்தப் பாறையை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. பதிலுக்கு, கயிறில்லாத ஒருவர் பயந்து நின்றுவிட்டால், நம் கயிற்றில் கட்டிக்கொள்கிறீர்களா என்று நாமும் கேட்கத்தான் வேண்டும்.

எல்லாம் தவறிப்போனால் மேலேறி வரப்போவது ராக்கி மவுண்டன் மீட்புக் குழு. 1947இலிருந்து இயங்குகிறது, எல்லோரும் தன்னார்வலர்கள். மீட்டதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. கடையிலும் வகுப்பறையிலும் வேலையை விட்டுவிட்டு, ஸ்டிரெச்சரைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறுகிற மனிதர்கள். ‘என் உயிர்' என்று சொல்கிறவரின் உடலைத் தூக்குவதும் அவர்கள்தான்.

இதை ஏன் தமிழ்ப் பத்திரிகையில் எழுதுகிறேன்? கொலராடோவிலும் கலிஃபோர்னியாவிலும் இப்போது பாறையேறும் தமிழர்கள் கணிசமாக இருக்கிறோம். வார இறுதியில் உள்ளரங்கச் சுவர்களில் தமிழ்க் குரல் கேட்காத நாளில்லை. அங்கிருந்து வெளியே வருகிறவர்களுக்கு முதல் நீண்ட பாறை பெரும்பாலும் இந்த மாதிரி ஓர் எளிய வழிதான். சோலோக்காரர்கள் நெருக்குவதும் அங்கேதான். நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வேகமாக வருகிறவர் நம்மைவிடத் தெரிந்தவர் என்று ஒதுங்கிவிடுவோம். அந்நிய ஊரில், அந்நிய மொழியில் ஒருவர் சிரித்துக்கொண்டே போகட்டுமா என்று கேட்டால், வயிறு கலங்கினாலும் வாய் சரி என்றுவிடும். அன்று என் தோழியும் அவனிடம் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைச் சம்மதமாக அவன் எடுத்துக்கொண்டான். கடைசிக் கருவிக்கு எட்டு மீட்டர் மேலே கால் நடுங்க நிற்கும் ஒருத்தியிடம் கேட்பது அனுமதியே இல்லை. அந்தக் கேள்வியை ஆணி அருகே, கயிறு பிடித்திருப்பவரிடம், முன்னதாகவே கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே, கயிறு கட்டி ஏறப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. உங்கள் வேகத்துக்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். யாராவது நெருங்கி வந்தால், அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் குரல் கொடுங்கள்: “அங்கேயே நில்லுங்கள், மேலே இருப்பவர் போய்ச் சேர்ந்ததும் சொல்கிறேன், வலப்பக்கமாகப் போகலாம்.” ஆங்கிலத்தில் இதைச் சொல்லப் பத்து விநாடிகூட ஆகாது. வீட்டிலிருந்து கிளம்புமுன் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள்.